ஹெம்லாக் பஞ்சு அசுவினி: தன்னார்வலர் கணக்கெடுப்பை நம்பலாமா?

பனிக்காடு:
கனடாவின் ஒன்ராறியோவில் ஹெம்லாக் என்ற ஊசியிலை மரங்களைக் கொல்லும் பஞ்சு அசுவினியை, அதாவது வெள்ளைப் பஞ்சு போர்த்திய சிறு பூச்சியைத் தேட, அரைநாள் பயிற்சியோடு தன்னார்வலர்களைக் காட்டுக்குள் அனுப்புவதை நான் எதிர்க்கிறேன். தவறான புகார் வருமே என்பதற்காக அல்ல. அதைப் படம் பார்த்தே தள்ளிவிடலாம். "இங்கே இல்லை" என்ற பதிவுதான் ஆபத்து. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு காட்டில் நூற்றுக்கு 2 மரத்தில் பூச்சி இருக்கிறது. 20 மரம் பார்த்தால் பூச்சியுள்ள மரம் ஒன்றாவது கண்ணில் படும் வாய்ப்பு 33 சதவீதம். 100 மரம் பார்த்தால்தான் 87. பூச்சியுள்ள மரங்களில் பாதியைக் கண் தவறவிட்டால், 100 மரத்துக்கும் 63தான். 20 மரத்தோடு திரும்பியவர் வரைபடத்தில் பச்சைப் புள்ளி வைக்கிறார், நிலத்துக்காரர் நிம்மதியாகிவிடுகிறார். பூச்சி பிடித்த மரம் 4 முதல் 10 ஆண்டில் பட்டுப்போகும். அதில் இரண்டு ஆண்டை இந்தப் பொய் நிம்மதி தின்றுவிடும்.

யாழ்முருங்கை:
கணக்குச் சரி அண்ணை. ஆனா 20 மரம் மட்டும் பார்த்தா கைதேர்ந்த நிபுணருக்கும் 33தான். ஆர் பார்த்தது எண்டதில்லை, எவ்வளவு பார்த்தது எண்டு எழுதாததுதான் பிழை. படிவத்தில "இல்லை" எண்ட பெட்டியை எடுத்துப்போட்டு, பார்த்த மரம் எத்தினை, ஒவ்வொண்டிலும் கொப்பு எத்தினை, எடுத்த நேரம் எவ்வளவு எண்டு கேளுங்கோ. 2013இல நயாகரா பள்ளத்தாக்கு, 2019இல வெயின்ஃப்ளீட், 2022இல ஒன்ராறியோ ஏரிக்கு வடக்குப் பக்கம் கிராஃப்டன். பறவையும் காத்தும் காவுற பூச்சியை ஒரு அரச குழு எத்தினை பள்ளத்தில இறங்கித் தேடும்? நியூயார்க்கில 2020இல லேக் ஜார்ஜ் கரையில கண்டு அறிவிச்சது முகாமிட வந்த ஒரு ஆள்தானே.

ஊசியிலை:
இருவரும் கைக்கெட்டும் கிளையைப் பற்றியே பேசுகிறீர்கள். பறவை கொண்டுவந்து போட்ட பூச்சி உச்சியில் தொடங்கினால், கீழ்க்கிளை சில காலம் சுத்தமாகவே இருக்கும். அங்கே 100 மரம் பார்த்தாலும் பூஜ்யம்தான். அதற்குத்தான் பந்து முறை: ராக்கெட்பால் என்ற சிறு ரப்பர் பந்தைச் சுற்றி வெல்க்ரோவின் கொக்கிப் பக்கத்தை ஒட்டி, பெரிய கவண் வைத்து உச்சிக்குள் எய்வது. விழும் பந்தில் வெள்ளை இழை சிக்கியிருக்கிறதா என்று 10 மடங்கு லென்ஸில் பார்க்க வேண்டும். இரண்டு இடத்தில் சறுக்கும். சிலந்தி நூலும் அதே கொக்கியில் மாட்டும், அதனால் ஐயம் வந்தால் பந்தோடு பையில் போட்டு ஆய்வகத்துக்கு. அடுத்த மரத்துக்கு அதே பந்தைச் சுத்தம் செய்யாமல் எய்தால், முதல் மரத்தின் இழை இரண்டாவதன் கணக்கில் ஏறிவிடும். பந்து கிடைக்காதவர்கள் புயலுக்கு மறுநாள் போய், தரையில் விழுந்த உச்சிக் கிளைகளைத் திருப்பிப் பார்க்கலாம். செலவே இல்லாத வழி.

பனிக்காடு:
புயலுக்குப் பிறகு பார்ப்பதை ஏற்கிறேன். ஆனால் பருவம்? வசந்தத்தில் குடும்பத்தோடு நடைபோகும் நாளாகப் பார்த்து இந்தக் கணக்கெடுப்பை வைக்கிறார்கள். ஏப்ரலிலிருந்து ஜூலை வரை, முட்டையிலிருந்து வந்த தூசியளவு குஞ்சுகள் ஊர்ந்து திரியும். கிளையை உரசிய சட்டை அவற்றை அடுத்த காட்டுக்குச் சுமந்துபோகும். இங்குள்ள பூச்சி எல்லாமே பெண், இணையே தேவையில்லை. ஒன்று போதும்.

யாழ்முருங்கை:
அதில நான் உங்கட பக்கம். ஏப்ரல் தொடங்கினா ஒருத்தரையும் விடக்கூடாது. ஆனா நவம்பரும் சரிவராது. அக்டோபரிலதான் பஞ்சு சுரக்கத் தொடங்கும், லென்ஸ் இல்லாட்டி தெரியாது. ஜனவரியில இருந்து மார்ச் நடு வரை நல்லம். ஆழமாப் பனி கொட்டிக் கிடந்தா உயரக் கொப்பும் கைக்கு எட்டும்.
மரத்தின்ர எதிரெதிர்ப் பக்கத்தில ரெண்டு கொப்பு, நுனியில இருந்து ஒரு மீட்டர், அடிப்பக்கம் மட்டும் பாருங்கோ. பஞ்சு, இலை கொப்போட சேருற இடத்தில இருக்கும். அந்த இடத்தில இல்லாம இலையிலயே இருந்தா அது வேற: குறுக்கால நூல் இழுத்தா சிலந்திக்கூடு, இலையின்ர அடியில மெழுகுத் தகடு மாதிரி இருந்தா செதில் பூச்சி. செதிலையும் அறிவியுங்கோ, அதுவும் வந்தேறிதான். பனித்துகளோ எண்டு ஐயம் வந்தா வாயால ஊதுங்கோ, பஞ்சு உருகாது.

ஊசியிலை:
முதலில் மரத்தைச் சரியாகப் பிடிக்க வேண்டும். ஹெம்லாக் இலை தட்டை, குட்டை, அடியில் இரண்டு வெள்ளைக் கோடு, சிறு காம்பு. வேறு ஊசியிலை மரமான ஸ்ப்ரூஸின் இலை விரலிடையில் உருளும். இன்னொன்றான ஃபரின் இலைக்குக் காம்பு கிடையாது. கண்டதும் கிளையை ஒடித்துப் பையில் போட்டு வராதீர்கள். நாணயம் ஒன்றை அருகில் வைத்துக் கிளையின் அடிப்பக்கம் ஒரு படம், முழு மரம் ஒரு படம். பள்ளத்துக்குள் கைபேசியின் இருப்பிடம் விலகும், அதனால் தண்டில் நாடா கட்டுங்கள். அறிவிக்க வேண்டிய இடம் கனடிய உணவுப் பரிசோதனை முகமை.

பனிக்காடு:
பச்சைப் புள்ளியை எடுத்தால், வசந்த நடையை நிறுத்தினால், எனக்கு எதிர்ப்பில்லை. ஆனால் படிவம் மாறும்வரை இதுவரை வந்த "இல்லை" பதிவுகளை வரைபடத்திலிருந்து மறைத்து வையுங்கள். அவற்றில் எத்தனை மரம் பார்த்தார்கள் என்று யாருக்கும் தெரியாது.

யாழ்முருங்கை:
மறைக்க வேண்டாம் அண்ணை. சாம்பல் நிறத்தில விட்டு, "எத்தினை மரம் எண்டு பதிவில்லை" எண்டு எழுதுங்கோ. வாற ஜனவரி முதல்ல ஆக்களை அனுப்ப வேண்டிய இடம் அதுகள்தான்.