கூட்டு ஒப்பந்தத்துக்கு ஓமெண்டு போடுறதோ? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ

கிளிநொச்சியில ஒரு வாகனக் கராஜ். முதலாளி தரப்பு தந்த கூட்டு ஒப்பந்த வரைவுக்கு ஞாயிறு எங்கட தொழிற்சங்கத்தில வாக்கெடுப்பு. மாதம் 5,000 ரூபா கூடுது, ஆனா அடிப்படைச் சம்பளத்தில இல்லை, 'வரவுக் கொடுப்பனவு' (லீவெடுக்காமல் வேலைக்கு வந்தால் தாற காசு) எண்டு போட்டிருக்கினம். வில்லங்கம் அங்கதான். அதுக்கு, முதலாளி எங்கட பேரில சேமிப்பாப் போடுற சேமலாப நிதி (EPF) 12 வீதமும் நம்பிக்கை நிதி (ETF) 3 வீதமும் விழாது. மாதம் 750 போச்சு. வேலையை விட்டுப் போகேக்க தாற பணிக்கொடை வருசத்துக்கு அரைமாதச் சம்பளம் எண்டபடியா, 10 வருசக்காரருக்கு 25,000 துண்டு விழும். ஒருநாள் காய்ச்சலெண்டு வீட்டில நிண்டா அந்த மாதக் கொடுப்பனவு முழுக்க வெட்டு. பெடியள் கைக்கு வாறது காணும் எண்டுறாங்கள், அவையளையும் பிழை சொல்லேலாது. ஒப்பந்தம் அரச வர்த்தமானியில வந்திட்டா பிறகு அதுதான் வேலை நிபந்தனை.

வவுனியா, மன்னார்ப் பக்கம் இப்பிடிக் கொடுப்பனவை இரண்டாம் வருசம் அடிப்படையோட சேர்க்கச்சொல்லி எழுதி வாங்கின சங்கம் இருந்தா, அந்தப் பந்தியை மட்டும் படமெடுத்துப் போடுங்கோ. சனிக்கு முதல் வேணும்.