லிப்ரே ஆபீஸுக்குப் பங்களிக்க எங்கிருந்து தொடங்குவது?

புதுவரவு:
பொறியியல் மூன்றாம் ஆண்டு. சி++ ஓரளவு வரும். எழுத, கணக்குப் போட உதவும் இலவச, திறமூல அலுவலக மென்பொருளான லிப்ரே ஆபீஸின் மூலநிரலை இறக்கிப் பார்த்தேன், தலை சுற்றிவிட்டது. 8 ஜிபி ரேம் லேப்டாப்பில் அதை ஓடும் மென்பொருளாக மாற்ற பில்டு போட்டால் ஃபேன் அலறுகிறதே தவிர முடிந்தபாடில்லை. வேறு திட்டங்களில் புதியவர்களுக்கென ஒதுக்கிய எளிய வேலையான ‘குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ’ எதைத் தொட்டாலும் நாலு பேர் ‘எனக்கு ஒதுக்குங்கள்’ என்று நிற்கிறார்கள். வழி சொல்லுங்கள்.

பிழைபிடிப்பவன்:
பில்டை இப்போதைக்கு மறந்துவிடுங்கள் தம்பி. லிப்ரே ஆபீஸை நடத்தும் டாக்குமெண்ட் ஃபவுண்டேஷனின் பக்ஸில்லாவில் (பிழைப் புகார் தளம்) கணக்கு தொடங்கி, ‘அன்கன்ஃபர்ம்ட்’ (இன்னும் உறுதிசெய்யப்படாத) நிலையில் கிடக்கும் புகார்களைப் பாருங்கள். ‘இந்த டாக்எக்ஸ் (வேர்டு கோப்பு) திறந்தால் அட்டவணை அடுத்த பக்கத்துக்கு ஓடுகிறது’ என்று யாராவது கோப்போடு போட்டிருப்பார்கள். திறந்து பாருங்கள். உங்களுக்கும் ஓடினால் அதைப் பதிப்பு விவரத்தோடு எழுதி, நிலையை ‘நியூ’ ஆக்குங்கள். ஹெல்ப் மெனுவின் ‘அபவுட்’ பெட்டியிலேயே அந்த விவரத்தை நகலெடுக்கப் பொத்தான் உண்டு.

அப்புறம் பைபிசெக்ட், அதாவது எந்த மாற்றத்தால் கோளாறு வந்தது என்று தேடிப் பிடிப்பது. எனக்கு ருசியே இதில்தான். பழைய பதிப்பில் ஒழுங்காக இருந்தது புதியதில் கெட்டிருந்தால், ஏற்கனவே பில்டு செய்து ஓடத் தயாரான பைனரிகளை அடுக்கிவைத்த கிட் (நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) களஞ்சியம் ஒன்றை இறக்கி, ‘கிட் பைசெக்ட்’ கட்டளையை ஓட்டுங்கள். ஒவ்வொன்றாகத் திறந்து நல்லது, கெட்டது என்று சொல்லிக்கொண்டே போகவேண்டியதுதான். பாதி பாதியாக வெட்டுவதால் 1000 கமிட் (பதிந்த நிரல் மாற்றம்) இருந்தாலும் பத்துச் சோதனையில் கோளாறைக் கொண்டுவந்த ஆள் சிக்கிவிடும். நீங்கள் பில்டு போடும் வேலை கிடையாது, வட்டில் இடம்தான் நிறைய வேண்டும். சிக்கிய கமிட்டைப் படியுங்கள். மூலநிரலில் ‘எஸ்டபிள்யூ’ அடைவு ரைட்டர் (ஆவணம் எழுதும் பகுதி), ‘எஸ்சி’ கால்க் (விரிதாள் பகுதி) என்பதெல்லாம் எனக்கு அப்படித்தான் பிடிபட்டது.

கெரிட்வாசி:
நிரல்தான் எழுதுவேன் என்றால் பக்ஸில்லாவில் புதியவர்களுக்கான நிரல் வேலைகளுக்கு இட்ட ‘ஈஸிஹேக்’ என்ற குறியைத் தேடுங்கள், ‘டிஃபிகல்ட்டி பிகினர்’ குறி உள்ளதாக எடுங்கள். நீங்கள் செய்த மாற்றம் (பேட்ச்) கிட்ஹப்புக்கு அல்ல, நிரலைப் பிறர் சரிபார்க்கும் தளமான கெரிட்டுக்குப் போகவேண்டும். என் நிரலை எம்பிஎல், எல்ஜிபிஎல் என்ற திறமூல உரிமங்களில் தருகிறேன் என்று டெவலப்பர் மடலாடலுக்கு ஒருமுறை மடல் போட்டால் போதும். உங்கள் மாற்றத்தால் பில்டு உடைந்தால் தானாகச் சோதிக்கும் ஜென்கின்ஸ் சொல்லிவிடும், பயப்படாதீர்கள்.

புதுவரவு:
நன்றி அண்ணா. ஒரு புகாரை இப்போதே சோதித்தேன். எனக்கு அந்தக் கோளாறு வரவே இல்லை. என்ன செய்ய?

பிழைபிடிப்பவன்:
வரவில்லை என்றே எழுதுங்கள், அபவுட் விவரத்தையும் ஒட்டுங்கள். உங்களுடையது புதிய பதிப்பு என்றால், புகார் போட்டவரை அதில் ஒருமுறை பார்க்கச் சொல்லி நிலையை ‘நீட்இன்ஃபோ’வுக்கு (கூடுதல் தகவல் தேவை) மாற்றுங்கள். எழுத்துரு தொடர்பான புகார் என்றால் மட்டும் அவரிடமுள்ள எழுத்துரு உங்களிடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.