மறு: ‘ஐ அண்ட் ஏ பி’ தமிழில் எப்படி?

வணக்கம் ஐயா,

நம் தென்னாப்பிரிக்கக் கழிவு உரிமத் துண்டறிக்கையின் மொழிபெயர்ப்பைப் பார்த்தேன். உரிம விண்ணப்பத்தில் கருத்துச் சொல்ல வருபவர்களை ஆங்கிலத்தில் ‘ஐ அண்ட் ஏ பி’ (interested and affected party) என்கிறார்கள். அதற்குப் போட்டிருக்கும் ‘ஆர்வமுள்ள மற்றும் பாதிக்கப்பட்ட தரப்பினர்’ சரிப்படாது. டர்பன் சாட்ஸ்வர்த்தில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “குப்பை வரணும்னு ஆர்வமா இருக்கிறவங்களா?” என்று கேட்டார். ‘பாதிக்கப்பட்ட’ என்பதோ நடந்து முடிந்த சங்கதி. உரிமமே இன்னும் கொடுக்கவில்லை, அதற்குள் எல்லோரையும் பாதித்தாயிற்று!

சொல் எந்த வேலையைச் செய்ய வேண்டும் என்று பார்ப்போம். இங்குள்ள 2014 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு விதிகளின்படி உரிமம் கேட்பவர் அந்த இடத்தில் குறைந்தது 60க்கு 42 சென்டிமீட்டர் அளவில் அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும். அக்கம்பக்கத்தாருக்கும் வார்டு கவுன்சிலருக்கும் எழுதித் தெரிவிக்க வேண்டும், பத்திரிகையிலும் விளம்பரம் தர வேண்டும். பொதுக்கூட்டம் கட்டாயம் என்று அந்தப் பட்டியலில் இல்லை. அமெரிக்காவில் அபாயக் கழிவு என்றால் விண்ணப்பம் போடும் முன்பே கூட்டம் நடத்தியாக வேண்டும், அதற்கும் 30 நாள் முன்னறிவிப்பு. இங்கே அப்படி இல்லை. ஆனால் கூட்டம் என்று ஒன்று நடந்து, நீங்கள் போயிருந்தால் உங்கள் பெயர் ‘ஐ அண்ட் ஏ பி’ பதிவேட்டில் ஏறும். எழுத்தில் கருத்துக் கொடுத்தாலும், சேர்க்கச் சொல்லி எழுதிக் கேட்டாலும் ஏறும். ஏறினால்தான் மதிப்பீட்டு அறிக்கைகளுக்கு எழுத்தில் பதில் சொல்லும் உரிமை. கூடவே, தனக்குப் பண ஆதாயம் ஏதும் இருந்தால் அதையும் சொல்லிவிட வேண்டும்.

அதனால் ‘பாதிப்புறுநர்’ என்று மட்டும் வைத்தாலும் குறுகிவிடும். டர்பனில் 1980இல் திறந்த கிளேர் எஸ்டேட் பிசாசர் ரோடு குப்பைக் கிடங்கை நினைத்துப் பாருங்கள் (தமிழில் எழுதினால் பேரே பயமுறுத்துகிறது). அதை மூடச் சொல்லிப் போராடியவர்களும் உண்டு, அங்கே பொறுக்கிப் பிழைத்தவர்களும் உண்டு. இந்த விதியில் இரண்டு பேரும் ஒரே பதிவேட்டில்தான் வருவார்கள். ‘பங்குதாரர்’ என்றால் கம்பெனியில் ஷேர் வைத்திருப்பவர். ‘கருத்தாளர்’ நல்ல சொல்தான், தமிழ்நாட்டில் ஆசிரியர் பயிற்சிக்காரர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

என் பரிந்துரை: ‘அக்கறையாளர்’. பெயர் ஏறியவர் ‘பதிவு பெற்ற அக்கறையாளர்’. பாதிப்பு வரக்கூடியவருக்கு அக்கறை இல்லாமல் போகுமா? ஒரே சொல் போதும்.

--------

தம்பி, வணக்கம்.

சொல் பிடித்திருக்கிறது. அச்சகத்தை நினைத்தால்தான் பயம். ‘ற’வுக்குப் பதில் ‘ர’ விழுந்தால் எல்லோரும் அக்கரையாளர்! 1860இல் கப்பலேறி வந்த நமக்கு அதுவும் பொருந்தும், ஆனால் அதிகாரிக்குப் புரியாது.

இன்னொன்று. அக்கறை என்றால் நல்லெண்ணம் என்றுதான் நம் வீட்டில் பழக்கம். ஆதாயத்துக்காக வருபவரையும் அப்படிச் சொல்லலாமா? நீ சொன்ன ஆதாய விதி அதற்காகத்தானே இருக்கிறது.

சரி, விதியைத் தமிழாக்கும் இடத்தில் ‘அக்கறையாளர்’ இருக்கட்டும். கூட்டத்தில் கையெழுத்து வாங்கும் தாளுக்கு மட்டும் ‘பெயர் கொடுத்தவர்கள்’ என்று தலைப்பு வைப்போம். பெரியம்மா எந்த வரியில் கையெழுத்துப் போட வேண்டும் என்று யாரையும் கேட்க வேண்டியிராது. தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, வேறு யாருக்காவது மாற்றுச் சொல் இருந்தால் அதற்குள் எழுதுங்கள்.