புதுப்பிப்பு: அல்சூர் ஏரியில் தூண்டில் போட்டவர்கள்

பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில் என்னோடு தூண்டில் போட்டு, இப்போது நம்மிடையே இல்லாத மூன்று நண்பர்களைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். அதைப் படித்த, அவர்களுள் மூத்தவரின் மகள், சென்ற ஞாயிறன்று அப்பாவின் மூங்கில் தூண்டிலையும் தக்கைகள் நிறைந்த பிஸ்கட் டப்பாவையும் என்னிடம் கொடுத்துச் சென்றார். 2016 மார்ச்சில், கழிவுநீர் கலந்து நீரில் உயிர்வளி குறைந்து ஏரி மீன்கள் கூட்டங்கூட்டமாகச் செத்து மிதந்த காலையில் அந்த மூத்த நண்பர் ஒன்றும் பேசாமல் கரையில் நின்றதும், அதன்பின் நெடுநாள் தூண்டிலைத் தொடாததும், டப்பாவைத் திறந்தபோது நினைவுக்கு வந்தன. (ஜிலேபிக் கெண்டைக்கு மைதா உருண்டையா, மண்புழுவா என்ற எங்கள் பழைய வழக்கு தீர்ப்பின்றியே நின்றுவிட்டது.) ஒரு திருத்தமும் உண்டு: எங்களுக்குக் கடனாகத் தேநீர் கொடுத்தவர் நான் முன்பு எழுதியதுபோல் சோமேசுவரர் கோயில் தெருக்காரர் அல்லர், மர்பி டவுன்காரர் என்று அந்த மகளே சொன்னார்.