ஆரக்கிள் பார்க் ரசிகர் நன்றி நாள்: ஃபார்வர்ட் செய்த டிக்கெட் ஆப்பில் வரவில்லை, உதவுங்கள்

சன்னிவேல் மீனா:
வணக்கம். வரும் ஞாயிறு சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் பேஸ்பால் அணிக்கு, அவர்கள் மைதானமான ஆரக்கிள் பார்க்கில், இந்த சீசனின் கடைசி ஆட்டம். ரசிகர்களுக்கு நன்றி சொல்லும் நாள் என்று பரிசெல்லாம் தருவார்களாம். கணவரின் அலுவலக நண்பர் ஐந்து டிக்கெட்டை எனக்கு ஃபார்வர்ட் செய்திருக்கிறார். மெயில் வந்துவிட்டது, ஆனால் பேஸ்பால் லீகான எம்எல்பியின் பால்பார்க் ஆப்பைத் திறந்தால் ஒன்றையும் காணோம். ஆப்பை அழித்து மறுபடி போட்டும் பார்த்தாயிற்று.

ஊரிலிருந்து மாமாவும் அத்தையும் வந்திருக்கிறார்கள். அவர்களிடம் இந்த ஊர் சிம் இல்லை. ஆளுக்கொரு போன் வேண்டுமா? மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு ஒன்றரை. இடம் மேல் தளத்தில், 300-களில் ஒரு செக்‌ஷன். அத்தைக்கு முழங்கால் வலி வேறு. சாப்பாடு கொண்டுபோகலாமா என்றும் சொல்லுங்கள்.

கால்ட்ரெயின் கண்ணன்:
மெயிலில் இருந்த 'ஏற்கிறேன்' பட்டனை அமுக்கினீர்களா? அமுக்காதவரை டிக்கெட் அனுப்பியவர் கணக்கில்தான் தொங்கும். அமுக்கியிருந்தால், மெயில் எந்த முகவரிக்கு வந்தது, ஆப்பில் எந்த முகவரியில் நுழைந்திருக்கிறீர்கள்?

சன்னிவேல் மீனா:
அமுக்கிவிட்டேன் அண்ணா. மெயில் வந்தது என் ஜிமெயிலுக்கு. ஆப்பில் இருப்பது எங்கள் பழைய யாஹூ முகவரி.

கால்ட்ரெயின் கண்ணன்:
அங்கேதான் சிக்கல். ஜிமெயிலுக்கு வந்த டிக்கெட் யாஹூ கணக்கில் தெரியாது. ஆப்பில் உங்கள் புரொஃபைலுக்குப் போய் ஜிமெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உறுதி செய்யச் சொல்லி ஒரு மெயில் வரும், அதை முடித்துவிட்டு டிக்கெட் பக்கத்தைத் திறந்து பாருங்கள். இல்லையென்றால் வெளியே வந்து ஜிமெயில் முகவரியிலேயே நுழைந்துவிடுங்கள்.

ஐந்தும் ஒரே போனில் இருந்தால் போதும். வாசலில் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிக் காட்டலாம், எல்லோரும் சேர்ந்து போகவேண்டும், அவ்வளவுதான். ஸ்கிரீன்ஷாட் செல்லாது. கூட்டத்தில் நெட் இழுக்கும், வீட்டிலேயே போனின் வாலட்டில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஃப்ரீமான்ட் பெரியசாமி:
மீனாம்மா, டிக்கெட்டை அவர் பார்த்துக்கொள்வார், மற்றதை நான் சொல்கிறேன்.

முதலில் நேரம். வழக்கமாக ஒரு மணிக்குத்தானே என்று கிளம்பிவிடாதீர்கள். சீசனின் கடைசி ஞாயிறு முப்பது அணிகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஆடும். நியூயார்க்கில் மூன்று மணி என்றால் நமக்கு நண்பகல் பன்னிரண்டு. வாசலில் தரும் பரிசு முதலில் வருபவர்களுக்குத்தான் என்றால், அதற்கும் வெகு முன்னால் வரிசையில் நிற்க வேண்டும். சன்னிவேலிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போகும் கால்ட்ரெயின் ரயிலைப் பிடித்துக் கடைசி ஸ்டேஷனில் இறங்கினால் மைதானம் நடக்கிற தூரம். அன்றைக்குக் கார் எடுப்பவர்களைக் கும்பிட்டு விட்டுவிடலாம்.

சாப்பாடு தாராளமாகக் கொண்டுபோகலாம். புளியோதரை, சப்பாத்தி எதுவானாலும் சரி. கண்ணாடி, டின் கூடாது. தண்ணீர் திறக்காத பிளாஸ்டிக் பாட்டிலில். பை 16 அங்குலத்துக்கு 16, தடிமன் 8 அங்குலம், அதற்கு மேல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முதுகில் மாட்டும் பைக்குக் கெடுபிடி உண்டு, சாதாரணத் தோள்பையே நல்லது. உள்ளே வாங்குவதென்றால் பூண்டு போட்ட உருளை வறுவல், வாசனை இரண்டு வரிசை தள்ளி வரும். ஆட்டம் முடியும் நேரத்தில் கடற்காகங்கள் கூட்டமாக இறங்கும், தட்டைத் திறந்து வைக்காதீர்கள்.

சின்னவனுக்கு இரண்டு வயது ஆகாததால் டிக்கெட் வேண்டாம், மடியில் வைத்துக்கொள்ளலாம். வாசல் பரிசு மட்டும் அவன் கணக்கில் கிடைக்காது.

அத்தைக்கு: மேல் தளத்துக்கு லிஃப்ட் இருக்கிறது. ஆனால் அங்கே படிகள் செங்குத்து. வரிசை எண் பெரிதாக இருந்தால் இன்னும் மேலே ஏறவேண்டும், உள்ளே நுழைந்ததும் படி குறைவான இடம் உண்டா என்று ஊழியரிடம் கேட்டுப் பாருங்கள்.

பாலோ ஆல்டோ பிரியா:
பெரியசாமி ஐயா சொல்லாத ஒன்று. செப்டம்பரில்தான் சான் பிரான்சிஸ்கோவில் வெயிலே அடிக்கும், தொப்பியும் சன்ஸ்கிரீனும் கட்டாயம். அதற்காக ஸ்வெட்டரை வீட்டில் வைத்துவிடாதீர்கள், வளைகுடாக் காற்று ஒரே அடியாக அடிக்கும்.

உங்கள் மாமா கிரிக்கெட் பார்க்கிறவரா? பந்து கூட்டத்தில் விழுந்தால் இங்கே திருப்பித் தர வேண்டாம், பிடித்தவருக்கே சொந்தம். என் அப்பா இதைக் கேட்டுவிட்டு ஆட்டத்தையே மறந்து கையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வலது பக்கச் சுவருக்கு அப்பால் மெக்கோவி கோவ் என்னும் சிறு வளைகுடா நீரில் படகுகளில் காத்திருப்பவர்களையும் காட்டுங்கள், ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) நேரே தண்ணீரில் விழுவதற்காகத்தான் அவர்கள் அங்கே. ஜயண்ட்ஸின் பழைய வீரர் பேரி பாண்ட்ஸ் மட்டும் அப்படி 35 அடித்திருக்கிறார். வாசலில் இன்னொரு பழைய ஜயண்ட்ஸ் வீரர் வில்லி மேஸ் சிலை, அவர் சட்டை எண்ணுக்காகவே சுற்றி 24 பனைமரங்கள். ஃபோட்டோவுக்கு அதுதான் இடம், உள்ளே போகுமுன் எடுத்துவிடுங்கள், வெளியே வந்தால் மறுபடி விடமாட்டார்கள்.

சன்னிவேல் மீனா:
ஜிமெயிலைச் சேர்த்ததும் ஐந்தும் வந்துவிட்டன! வாலட்டிலும் போட்டாயிற்று. நன்றி அண்ணா. வரிசை எண் பெரிதுதான். கீழே காலி இருக்கை தெரிந்தால் அத்தையை அங்கே உட்கார வைக்கலாமா? ஆட்டக்காரர்கள் மாதிரி மைதானத்தில் பேஸ்களைச் சுற்றி ஓடவேண்டும் என்று மகள் வேறு அடம்பிடிக்கிறாள்.

ஃப்ரீமான்ட் பெரியசாமி:
நீங்களாக மாறி உட்காராதீர்கள், டிக்கெட்டைக் கேட்பார்கள். தவிர, இந்த நாளில் பரிசைப் பெரும்பாலும் செக்‌ஷன், வரிசை, இருக்கை எண்ணைத் திரையில் போட்டுத்தான் அறிவிப்பார்கள். அந்த நேரம் பார்த்து உங்கள் இருக்கை காலியாக இருந்தால் என்னிடம் வந்து புலம்பக்கூடாது. அத்தைக்கு உதவி மையத்தில் கேளுங்கள், அதுதான் முறை. குழந்தைகள் ஓடுவது சில ஞாயிறுகளில் ஆட்டம் முடிந்தபின் உண்டு. அன்றைக்கு இருக்கிறதா என்று அணியின் நிகழ்ச்சிப் பட்டியலில் பார்த்துவிட்டு மகளிடம் வாக்குக் கொடுங்கள்.