களஞ்சியம் தளத்தில் பெயர் மாறவில்லை, சம்பளப் பில் நிற்கிறது

அந்தியூர் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியர் நான். மே மாதம் தலைமையாசிரியர் ஓய்வு பெற்றார். பணிமூப்பில் அடுத்தவன் என்று பீரோச் சாவிக்கொத்து என் கைக்கு வந்தது. பயிற்சியெல்லாம் கிடையாது. பள்ளி, மாணவர் விவரங்களைப் பதியும் எமிஸ் தளம் எப்படியோ பழகிவிட்டது. சம்பளப் பில்தான் சிக்கல்.

பொறுப்பு ஆணை வந்துவிட்டது. ஆனால் அரசு ஊழியர் சம்பளப் பில் போடும் களஞ்சியம் தளத்தில் ஒப்புதல் தருபவர் இடத்தில் இன்னும் பழையவர் பெயரே நிற்கிறது. கருவூலத்தில் கேட்டால் கல்வி அலுவலகத்தைக் காட்டுகிறார்கள், அங்கே போனால் கருவூலத்தை. இணையத்தில் புகார் பதிந்தும் பதில் இல்லை. இளநிலை உதவியாளர் இடமும் காலி. "ஏனுங்க சார், பில் போட்டாச்சுங்களா?" என்று தினமும் கேட்கிறார்கள்.

ஈரோடு, கோபி வட்டாரத்தில் இந்தப் பெயர் மாற்றத்தை முடித்த பொறுப்புத் தலைமையாசிரியர்கள் யாராவது இருந்தால், எந்த அலுவலகத்தில் என்னென்ன கொடுத்தீர்கள்?