புதுப்பிப்பு: கருப்பு காரின் சிலந்தி வலைக் கீறல்கள் போய்விட்டன

சம்பா அறுவடைத் தூசியால் என் கருப்பு கார் முழுக்க மெல்லிய கீறல், வெயிலில் சிலந்தி வலை மாதிரி தெரிகிறது, மன்னார்குடியில் வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

முடிகிறது. கைகொடுத்தது கும்பகோணத்து அண்ணன் சொன்ன யோசனைதான்: எடுத்தவுடன் காம்பவுண்டுக்கு, அதாவது கீறலைத் தேய்த்தெடுக்கும் கரடான பசைக்குப் போகாமல், டூயல் ஆக்‌ஷன் பாலிஷரில் (சுழன்றபடியே அதிரும் மெருகு மிஷின்) மென்மையான ஃபோம் பேடும் ஃபினிஷிங் பாலிஷும் (நைசான மெருகுப் பசை) போட்டு ஒரு சாண் இடத்தில் மட்டும் பார்ப்பது. ஷாம்பு போட்டுக் கழுவி, கிளே பார் (ஒட்டிய அழுக்கை எடுக்கும் களிமண் மாதிரியான கட்டி) தேய்த்து, நிழலில் தகடு ஆறிய பிறகே தொடங்கினேன். கதவுகளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. பானெட்டுக்கு மட்டும் காம்பவுண்ட் தேவைப்பட்டது. அது விட்டுப்போன புகை மாதிரியான மங்கலை மறுபடி ஃபினிஷிங் பாலிஷ்தான் எடுத்தது. கருப்பில் இந்த இரண்டாம் சுற்றை விட்டுவிடாதீர்கள். விளிம்புகளில் கிளியர் கோட் (பெயின்ட் மேலுள்ள நிறமற்ற பூச்சு) மெலிந்திருக்கும், டேப் ஒட்டிவிடுங்கள். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் தண்ணீர் கலந்து துடைத்தால், கீறலை மறைக்கும் பாலிஷின் எண்ணெய்ப் பசை போய், கீறல் நிஜமாகவே போனதா என்று தெரியும்.

எதிர்பாராதது ஒன்று: கீறல் என்று நினைத்த வெள்ளைப் புள்ளிகள் பாலிஷுக்கு அசையவில்லை. அவை போர் தண்ணீர் காய்ந்த உப்புக் கறை. தண்ணீர் கலந்த வெள்ளை வினிகரைத் துணியில் தொட்டு வைத்து, உடனே கழுவியதும் போய்விட்டன.

பின் கதவில் நகம் மாட்டுகிற ஆழமான கோடு அப்படியேதான் இருக்கிறது. அதற்கு டச்-அப் பெயின்ட் வாங்க வேண்டும்.